முருகேசனா, முருகேசனின் வேலையா?

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மளிகைக்கடைக்காரர்களுக்காக ஒரு கணக்குச் செயலி செய்துகொண்டிருந்தோம். சுவரில் முருகேசன் தொங்குவார். வயது 42, இரண்டு பிள்ளைகள், ஆண்ட்ராய்டு போன், ‘ஆர்வம் உண்டு, நேரம் இல்லை’. படம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மீட்டிங் அறையில் ஆறு பேர் சேர்ந்து பெற்ற பிள்ளை அவர். அதற்கப்புறம் ஆளாளுக்கு அருள் வந்தது. மார்க்கெட்டிங் ஆள்மேல் இறங்கிய முருகேசன் கூப்பன் கேட்டார். டெவலப்பர்மேல் இறங்கிய முருகேசன் டார்க் மோட் கேட்டார்.

ஒரு பொருளைப் பயன்படுத்தப்போகிறவரை இப்படிப் பெயரும் முகமும் கொடுத்து எழுதி வைப்பதற்குப் பெர்சோனா என்று பெயர். பெர்சோனா என்றால் இதுதான் என்று நினைத்துப் பலர் அதை வெறுக்கிறார்கள். அந்த முறையைக் கொண்டுவந்த அமெரிக்க மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் செய்தது வேறு. 1983-இல் அவர் ஒரு திட்ட மேலாண்மை மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். முதலில் அதைப் பயன்படுத்தக்கூடிய சிலரிடம் போய்ப் பேசினார். அவர்களில் ஒருவரை மனதில் வைத்து கேத்தி என்ற பாத்திரம் உருவானது. எழுதியதை இயங்கும் மென்பொருளாகக் கணினி மாற்றும் ‘கம்பைல்’ முடிய நேரமாகும். அந்த இடைவெளியில் வீட்டருகே இருந்த கோல்ஃப் மைதானத்தில் நடந்தபடி, கேத்தியாகத் தானே பேசி, எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வாராம். அவரும் சாமியாடினார்தான். ஆனால் ஏறிய சாமி நிஜமான ஆள்.

பின்னாளில் சோனி டிரான்ஸ்காம் நிறுவனத்துக்காக, விமான இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையை கூப்பரின் குழு வடிவமைத்தது. பயணிகளுக்கு நான்கு பெர்சோனாக்கள். அவர்களில் முடிவைத் தீர்மானித்தவர் கிளெவிஸ் என்ற டெக்சஸ் முதியவர். விரல்களில் லேசாக மூட்டுவலி, கம்ப்யூட்டர் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. அவருக்காக மெனுவுக்குள் மெனு என்ற அடுக்கே போனது. திரைக்குப் பக்கத்தில் ரேடியோவில் இருப்பதுபோல ஒரு திருகு. திருகினால் பட போஸ்டர்கள் வரிசையாக நகரும். கிளெவிஸுக்குச் சரிப்பட்டால் மற்ற மூவருக்கும் சரிப்படும் என்பது கணக்கு. கூட்டிக் கழித்துச் சராசரி எடுப்பது பெர்சோனா இல்லை. சண்டைக்கார மாமனார் ஒருவரைப் பிடித்து, அவரைச் சமாதானப்படுத்துவதுதான் பெர்சோனா.

எதிர்முகாம் ‘ஆளை விடு, அவர் எந்த வேலை முடிவதற்காக அந்தப் பொருளை வாங்குகிறார் என்று பார்’ என்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் சொல்லிப் பிரபலமாக்கிய மில்க் ஷேக் கதையிலிருந்து தொடங்குவார்கள். ஓர் உணவகம் வாடிக்கையாளரை வகைப்படுத்தி, கருத்துக் கேட்டு, ஷேக்கை மாற்றிப் பார்த்தும் விற்பனை ஏறவில்லை. பிறகு கடையில் நின்று கவனித்தபோதுதான், காலையில் தனியாக வந்து அதை மட்டும் வாங்கிக்கொண்டு காரில் போகிறவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்தது. அலுப்பான நீண்ட பயணத்துக்கு, ஒரு கையில் பிடித்து மெதுவாக உறிஞ்ச ஏதாவது வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஷேக்குக்குப் போட்டி இன்னொரு கடையின் ஷேக் இல்லை, வாழைப்பழம். வாங்குகிறவரின் வயதையும் சம்பளத்தையும் எத்தனை சுவரில் ஒட்டினாலும் இந்த வாழைப்பழம் கண்ணில் படாது.

எங்கள் வாழைப்பழம் ஓர் ஆணி. ஒருநாள் காலை ஏழரைக்கு ஒரு நிஜக் கடையில் போய் நின்றேன். பால் பாக்கெட் எடுத்து எடுத்துக் கடைக்காரர் கை முழுக்க ஈரம். போன் கல்லாவுக்குப் பக்கத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. கடன் சொன்னவர்களுக்கு பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, ‘செல்வி அக்கா 85’ என்று எழுதி ஆணியில் குத்தினார். மூன்று வினாடி. எங்கள் செயலியில் அதே காரியத்துக்கு நான்கு திரைகள் தாண்ட வேண்டும். மதியம் கூட்டம் ஓய்ந்ததும் அவர் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி நோட்டில் ஏற்றினார். “அண்ணா, இதைப் போனிலேயே போடலாமே” என்றேன். “கை காயணுமே தம்பி” என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே சொன்னது வேலை: கூட்டத்துக்கு நடுவில் கடன் மறந்துபோகக் கூடாது. யாருக்குச் செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. காலையில் குறிப்பவர் ஒருவர், மதியம் கணக்கு ஏற்றுபவர் இன்னொருவர். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பெயரைத் தட்டச்சு செய்வதா, பட்டியலிலிருந்து தொடுவதா என்றெல்லாம் வரும்போது அந்தக் கண்ணாடி போட்ட அக்கா முகம் மனதில் இல்லாமல் ஒரு பொத்தான்கூட வைக்க முடியாது. வேலையை மட்டும் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். கடைசியில் தங்களுக்கே திரை வரைந்துகொள்கிறார்கள்.

பெர்சோனாவுக்கு இன்னொரு வியாதி உண்டு. மைக்ரோசாஃப்டில், மென்பொருள் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோவுக்காக மோர்ட், எல்விஸ், ஐன்ஸ்டீன் என்று மூன்று டெவலப்பர் பெர்சோனாக்கள் இருந்தன. கைவசம் இருக்கும் பிரச்சினையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக நினைக்கும், விஷுவல் பேசிக் என்ற நிரல்மொழியில் எழுதும் ஆள் மோர்ட். நாளடைவில் ‘அவன் மோர்ட்’ என்பது டெவலப்பர்கள் மத்தியில் வசவாகவே ஆகிவிட்டது. விஷுவல் பேசிக்கின் தந்தை என்று அழைக்கப்படுபவரும் இதே கூப்பர்தான் என்பது தனி வேடிக்கை. ஆளுக்குப் பெயர் வைத்தால் ஏளனமும் ஒட்டிக்கொள்ளும். வேலையை யாரும் கேலி செய்வதில்லை.

ஆள், வேலை இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது வழி, மைக்ரோசாஃப்டே பின்னர் பரப்பிய பெர்சோனா ஸ்பெக்ட்ரம். ஒரு கை இல்லாதவர், கையில் கட்டுப் போட்டவர், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர் என மூவருக்கும் அந்த நேரத்தில் ஒரு கைதான் உதவும் என்பதால் அவர்களை ஒரே கோட்டில் வைக்கும் முறை. இதை மட்டும் வைத்து ஒரு பொருளைத் தொடங்க முடியாது. ஆனால் வரைந்து முடித்த திரையைச் சோதிக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. ஈரக்கை கடைக்காரரும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறார்.

கையில் இரண்டே நாள்தான் என்றால் நான் முதல் நாள் கடையில் நின்று வேலையைப் பார்ப்பேன். இரண்டாம் நாள் அங்கே பார்த்தவர்களில் ஒரே ஒருவரை, அதிகம் முரண்டு பிடிப்பவரை, பெர்சோனாவாக எழுதுவேன். பிள்ளைகள் எத்தனை, என்ன போன் என்ற வரிகளை விட்டுவிடலாம். இவருக்காக எந்த வசதியை வேண்டாம் என்று தள்ளினோம் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். எங்கள் முருகேசனின் தாளில் அந்த வரி இல்லை. அவர் யாருக்கும் எதையும் மறுத்ததே கிடையாது. கூப்பனும் வந்தது, டார்க் மோடும் வந்தது. அட்டையும் ஆணியும் இன்றைக்கும் அந்தக் கடையில் இருக்கின்றன.