புது வேட்டை ரைபிள்: முதல் தோட்டாக்களை எதில் செலவழிப்பது?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் புது ரைபிள் வாங்குகிறவர் உடனே, புதுக் குழலை எப்படிப் பழக்குவது என்பதில் இரண்டு கட்சிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். ஒன்று ‘சுடு, குழலின் உட்புறத்தைத் துடை, மறுபடி சுடு’ என்கிறது. இன்னொன்று ‘பேசாமல் சுடு’ என்கிறது.

துடைக்கச் சொல்பவர்களின் வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. குழல் தயாரிக்கும் க்ரீகர் நிறுவனத்தின் விளக்கம் இது: கையால் மெருகேற்றிய குழலுக்குள் இருக்கும் நுண்கோடுகள் குண்டு போகும் திசையிலேயே ஓடும். ஆனால் தோட்டா அறையைக் குடையும் கருவி, குண்டைச் சுழலவைக்கும் புரிகள் தொடங்கும் இடத்தில் குறுக்கே கீறல் போட்டுவிடுகிறது. அது குண்டின் செப்பு உறையைச் சுரண்ட, அந்தச் செப்பு சூடான வாயுவோடு போய்க் குழல் நெடுகப் படிகிறது. கீறல்கள் தேயும்வரை முதலில் ஒவ்வொரு சூட்டுக்கும், அப்புறம் சில சூடுகளுக்கு ஒருமுறை செப்பைக் கரைத்தெடுக்க வேண்டும். துணியில் ஏறும் நீலப்பச்சை நிறம் குறைந்துவிட்டால் வேலை முடிந்தது.

எதிர்த்தரப்பில் பெரிய பெயர் கேல் மெக்மில்லன். அவரும் குழல் செய்தவர்தான். இதெல்லாம் குழல் விற்கிறவர்களுக்கே லாபம், சுடும் ஒவ்வொரு தோட்டாவும் குழலின் ஆயுளில் கழிகிறது என்பது அவர் பக்கம்.

கடையில் வாங்கிய சாதாரண .308 (தோட்டா அளவின் பெயர்) ரைபிள் என்றால் நான் மெக்மில்லன் பக்கம். சுடும் முன் தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு, அப்புறம் இருபது தோட்டாவுக்கு ஒரு துடைப்பு போதும். நிமிடத்துக்கொரு தடவை தடியை விட்டு, அதுவும் வாய்ப்பக்கமிருந்து குத்திக் குழல் முனையைக் கெடுப்பதைவிட இது மேல். மெருகேற்றிய விலையுயர்ந்த குழல் என்றால், செய்தவர் சொன்னபடி செய்யுங்கள். உத்தரவாதமும் அவர் கையில்தானே.

மிச்சமாகும் தோட்டாக்களைக் குறி பார்ப்பதில் போடலாம். இங்கேயும் இரண்டு வழி: 3 குண்டு குரூப், 10 குண்டு குரூப். குரூப் என்றால் ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகளின் துளைக் கூட்டம். ரைபிள் நிறுவனமான வெதர்பி தன் ரைபிள்களுக்குத் தரும் வாக்குறுதி 100 கஜத்தில் 3 குண்டுகள் 0.99 அங்குலத்துக்குள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே ரைபிளில் 10 குண்டு சுட்டால் சராசரியாகப் பரவல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். ரைபிள் கெட்டுவிடவில்லை, மூன்று துளைகள் உண்மையான பரவலைக் காட்டப் போதாது, அவ்வளவுதான். மூன்றே குண்டை நம்பி ஸ்கோப்பைத் திருகி, அடுத்த மூன்றுக்கு மறுபடி திருகுகிறவர்கள் ரைபிளைத் திட்டுவதுதான் வேடிக்கை.

சரி, 10 குண்டை ஒரே மூச்சில் சுடலாமா? வேட்டை ரைபிளின் மெல்லிய குழல் அதற்குள் சூடேறிவிடும். குண்டு விழும் இடமும் நகரலாம். அதனால் மூன்று மூன்றாகச் சுட்டு, நடுவே குழலை நன்றாக ஆறவிட்டு, எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்ப்பதே எனக்குப் பிடித்த வழி. கிடைக்கும் எண் பெரிதாக இருந்தால் கவலை வேண்டாம். எம்.ஓ.ஏ. என்பது பரவலை அளக்கும் கோண அளவு, 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம். 300 கஜத்தில் ஒன்றரை எம்.ஓ.ஏ. என்பது ஐந்து அங்குலத்துக்கும் குறைவு. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி எட்டு அங்குலம் அளவு.

ஆறிய குழலின் முதல் குண்டு எங்கே போகிறது என்பதைத் தனியே குறித்துவையுங்கள், காட்டில் பெரும்பாலும் அது ஒன்றுதான் கிடைக்கும். துடைத்த குழல் முதல் குண்டை வேறிடத்தில் போடக்கூடும். ஆகவே சீசனுக்கு முன் இரண்டு மூன்று குண்டுகளைச் சுட்டு, துடைக்காமலே எடுத்துப் போங்கள்.