ஊசியா, குளிசையா?

நெதர்லாந்தில் 2002 முதல், தாங்கமுடியாத வேதனையில் தானாகவே கேட்கும் நோயாளியின் உயிரை வைத்தியர் சட்டப்படி ஊசிபோட்டு முடித்துவைக்கலாம். இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயமும் வேண்டும். இலங்கையில் இந்தக் கருணைக்கொலை குற்றம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு செயற்கை உயிர்காப்பை நிறுத்த மட்டுமே இடங்கொடுத்தது.

திருகோணமலை உப்புவெளியில் அம்மம்மா புற்றுநோயோடு கிடந்த கடைசி மாதம், "என்னை அனுப்பி விடுங்கோ பிள்ளை" என்று கெஞ்சினா. வலிதணிக்கும் மோர்பின் குளிசை நேரத்துக்குக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தப் பேச்சே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவ, கொஞ்சம் சொதியும் சோறும் கேட்டா. வலியைத் தணிக்காமல் வாங்கும் சம்மதம் எப்படிச் சுயவிருப்பம் ஆகும்?

குளிசைக்கும் அடங்காத வேதனை சிலருக்கு உண்டு. அவர்கள் கேட்டால் மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் திருகோணமலையில் முதலில் வீடுதேடி வலிதணிப்புத் தாதி வரட்டும்.