வெடிகுண்டு செயலிழப்பு அதிகாரி ஆகும் பயிற்சி: எந்தக் கட்டம் தேறுகிறது, எங்கே இடறுகிறது

2023 செப்டம்பர் 26 அன்று சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா ரோட்டில் ஒரு கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ போர்க்காலக் குண்டை, நகர்த்துவது ஆபத்து என்று அதே இடத்திலேயே வெடிக்கவைத்து அழித்தார்கள். 200 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருந்த 4,000க்கும் மேற்பட்டோர் அன்று வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதற்கு முன்பு, 2019 நவம்பரில் ஜியாக் கிம் ஸ்திரீட்டில் 50 கிலோ குண்டு. இப்படிப்பட்ட அழைப்புக்குப் போவது சிங்கப்பூர் ஆயுதப் படையின் 36ஆவது காம்பெட் எஞ்சினியர்ஸ் பட்டாளம். வெடிபொருளை அகற்றி அழிக்கும் இந்த வேலையை (Explosive Ordnance Disposal) துறைக்குள் எல்லாரும் இஓடி என்றே சொல்வார்கள். இந்த வேலைக்கு ஆசைப்படும் தம்பி தங்கைகளும் அவர்களைப் பெற்றவர்களும் பயிற்சி எப்படி இருக்கும் என்று தெரிந்து முடிவெடுக்கவேண்டும் என்பதற்காகவே இந்த மதிப்பீடு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இராணுவப் பாதை நீளமானது, ஆனால் அதில் வீண் என்று கழிக்கக்கூடிய மாதம் எதுவும் இல்லை. தனியார் பள்ளிகள் விற்கும் சில வாரச் சான்றிதழுக்கு ஒரு பயன் உண்டு. அது இந்த அதிகாரியை உருவாக்காது.

முதல் கட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி, பிறகு சாஃப்டி இராணுவக் கழகத்தில் 38 வார அதிகாரிப் பயிற்சி, அதனுள் பொறியாளர் பிரிவுக்கான பாலம், கண்ணிவெடி, தகர்ப்பு வேலைகள். தரம் நன்று. குறை கணக்கில்தான் இருக்கிறது: இரண்டு ஆண்டு தேசிய சேவையில் ஏறக்குறைய ஓராண்டு இதற்கே போய்விடும். மீதியில் இஓடியை முழுமையாகக் கற்று, அனுபவமுள்ளவரின் பக்கத்தில் நின்று பழகி, தனியாகக் குண்டருகே போகும் தகுதியைப் பெறுவது நடக்கிற காரியம் அல்ல. இந்த வேலைதான் வேண்டும் என்றால் படையில் நிரந்தரப் பணியில் சேரும் எண்ணத்தோடு போகவேண்டும். இதை ஆள்சேர்ப்பு நேர்காணலிலேயே வெளிப்படையாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

பாதையின் உயிர் இரண்டாம் கட்டம்: அடையாளம் காணுதல். படங்களில் வருவதுபோல் எந்த ஒயரை வெட்டுவது என்று யாரும் தவிப்பதில்லை. மாணவர் முன்னால் துருப்பிடித்த ஒரு 81 மில்லிமீட்டர் மோர்ட்டார் குண்டு கிடக்கும். முதல் வேலை, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. மூக்கில் ஃபியூஸ், அதாவது குண்டை வெடிக்கத் தூண்டும் பாகம், இருக்கிறதா, உடைந்துவிட்டதா? வாலில் எத்தனை துடுப்பு? உடலில் பட்டை, பள்ளம், திருகு வரி உண்டா? வெடித்துப் பாதி சிதறியதா, சுடப்பட்டும் வெடிக்காததா, சுடப்படவே இல்லையா? பிறகுதான் தொடாமல் அளவெடுப்பதும் படமெடுப்பதும் படிவத்தில் எழுதுவதும். பெயிண்ட் நிறத்தை நம்பக்கூடாது. மண்ணுக்குள் எண்பது ஆண்டு கிடந்த பொருளில் நிறம் மிஞ்சாது.

பெரும்பாலான மாணவர்கள் தவறுவது இங்கேதான். நேற்று வகுப்பில் பார்த்த மாதிரியே இருக்கிறது என்று மனம் முந்திக்கொண்டு முடிவுகட்டிவிடும். அதற்குப் பொருந்தாத ஒரு திருகு வரியைக் கண் பார்த்தும் கை எழுதாது. ஃபியூஸை மாற்றிக் கணித்தால் அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும் தவறான குண்டுக்கான நடவடிக்கை. ஆகவே அடையாளம் உறுதியாகாத வரை, இருப்பதிலேயே மோசமான ஃபியூஸ் இதுதான் என்று வைத்துக்கொண்டு நடக்கப் பழக்குகிறார்கள். சிங்கப்பூருக்கு இந்தப் பாடம் இரட்டிப்பாகத் தேவை. 1941 டிசம்பர் 8 முதல் இங்கே விழுந்த ஜப்பானியக் குண்டுகளும் பிரிட்டிஷ் தரப்பின் வெடிபொருள்களும் ஒரே மண்ணில் கிடக்கின்றன. ஜப்பானியர் பல குண்டுகளில் பிக்ரிக் அமிலத்தை நிரப்பினார்கள். அது உலோகத்தோடு நாள்பட வினைபுரிந்தால் லேசான உராய்வுக்கே எதிர்வினை காட்டும் உப்புகள் உண்டாகலாம். பழையது, செத்துப்போயிருக்கும் என்று தோண்டும் இயந்திர ஓட்டுநர் நினைக்கலாம். அதிகாரி நினைக்கக்கூடாது.

இந்தக் கட்டத்துக்கு உலக அளவுகோல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எக்ளின் விமானப்படைத் தளத்தில் உள்ள பள்ளி. கடற்படை நடத்துகிறது, நான்கு படையினரும் அங்கேதான் படிக்கிறார்கள், நட்பு நாட்டு மாணவர்களும் வருவதுண்டு. ஏறத்தாழ 140 பயிற்சி நாள். அடிப்படையும் தகர்ப்பும் முதலில், அதன்பின் தரைப்படை வெடிபொருள், விமானக் குண்டுகள், கைத்தயாரிப்புக் குண்டுகள், இரசாயன, அணு ஆயுதங்கள் என்று போகும். கடற்படையினருக்கு மட்டும் நீரடிப் பகுதி கூடுதல். ஒவ்வொரு தேர்விலும் 100க்கு 85 எடுத்தாகவேண்டும். பாதுகாப்பு விதியை மீறினால் மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அந்தத் தேர்வில் தோல்விதான். கொடுமை என்று சிலர் குறைப்படுவார்கள். எங்களுக்கு இந்தப் பள்ளியில் மிகவும் பிடித்தது அந்த விதிதான்.

பிரிட்டனின் வழி வேறு. அங்கே இராணுவத்தின் வெடிமருந்துத் தொழில்நுட்ப அதிகாரி ஆக ஓராண்டுக்கு மேல் படிக்கவேண்டும். பெரும்பகுதி வார்விக்‌ஷயரில் உள்ள கைன்டனில். குண்டை அழிப்பதற்கு முன்னால் வெடிமருந்தை ஒரு சரக்காகக் கற்றுக்கொடுக்கிறார்கள்: எப்படிச் செய்கிறார்கள், கிடங்கில் எப்படிக் கெடுகிறது, எப்படிச் சோதிப்பது, விபத்து நடந்தால் காரணத்தை எப்படித் தேடுவது. அதிகாரி பொறுப்புக்கு இதுவே உறுதியான அடித்தளம் என்பது எங்கள் கருத்து. எக்ளின் முடித்தவருக்கு வகைகளில் பரந்த பழக்கம் இருக்கும். கைன்டன் முடித்தவர் இது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று விளக்குவார். தளபதிக்கும் காவல்துறைக்கும் அந்த விளக்கத்தைத்தான் அதிகாரி கொடுக்கவேண்டியிருக்கும்.

மூன்றாம் கட்டம், களப் பயிற்சி. மாணவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மாதிரிச் சம்பவமும் ஏறக்குறைய இந்த வரிசையில் ஓடும். கண்டவரை விசாரிப்பது: எப்போது, எவ்வளவு ஆழத்தில், இயந்திரம் தொட்டதா, யாராவது நகர்த்தினார்களா? பிறகு ஆட்களை விலக்குவது, மறைவான இடத்தில் கட்டுப்பாட்டு நிலை, முதல் பார்வை தூரத்திலிருந்து அல்லது ரோபோவால். போவது ஒருவர் மட்டும். நிற்கிற இடத்தைச் சுற்றி வேறு பொருள் பதுங்கியிருக்கிறதா என்ற சோதனை. கருவியை வைத்துவிட்டுத் திரும்புவது, தூரத்திலிருந்து இயக்குவது, காத்திருப்பது, மீண்டும் ஒருவரே போய்ப் பார்ப்பது. படிக்கும்போது எளிது. மதிப்பெண் போவதெல்லாம் அற்பமானதாகத் தோன்றும் இடங்களில்: கேபிளின் தொடர்ச்சியை மீட்டரால் பார்க்காமல் கிளம்புவது, கருவியைக் கட்டுப்பாட்டு நிலையிலேயே முழுதாகத் தயார்செய்யாததால் இரண்டாம் முறை நடக்க நேர்வது, சுட்டும் வெடிக்காதபோது விதித்த நேரம் முடியுமுன் எழுந்து பார்ப்பது. குண்டருகே கூடுதலாக நடக்கும் ஒவ்வொரு நடையையும் பயிற்றுநர் குறித்துக்கொள்வார். நல்ல பள்ளியா என்று கண்டுபிடிக்க அந்தக் குறிப்பேடே போதும்.

கைத்தயாரிப்புக் குண்டுகளுக்கு வரும்போதுதான் அந்தப் பிரபலமான வெடிகுண்டுக் காப்பு உடுப்பு. ஹெல்மெட்டோடு 35 கிலோ அளவில் கனக்கும். விரல் நுண்மையாக வேலைசெய்ய வேண்டும் என்பதால் கை மட்டும் வெறுங்கை. குளிர் நாட்டுப் பயிற்சிக் கையேட்டை அப்படியே இங்கே வைத்தால் ஒத்துவராது. 32 டிகிரி வெயிலிலும் நம் ஊர்ப் புழுக்கத்திலும் வியர்வை ஆவியாகாது, உடுப்புக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும், முகக் கண்ணாடி பனித்துவிடும். ஹெல்மெட்டின் விசிறியையும் அதன் பேட்டரியையும் தலையில் மாட்டுவதற்கு முன்பே சோதிக்கவேண்டும். மாட்டிய பிறகு கண்டுபிடித்தால் எல்லாம் கழற்றித் திரும்ப ஆரம்பிக்கவேண்டும். முழங்காலிட்டு எழும் பயிற்சியை வாரக்கணக்கில் செய்யாதவர்கள் அங்கேதான் தள்ளாடுகிறார்கள். பூட்டிய இடத்தில் பதற்றப்படும் இயல்புள்ளவர்கள் இந்த உடுப்பை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது உத்தமம். பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும்: 100 கிலோ விமானக் குண்டுக்கு அருகில் இந்த உடுப்பு காப்பாற்றாது. அங்கே காப்பது தூரமும் மறைப்பும் சரியான அடையாளமும்தான்.

நூலக வேலையும் எழுத்து வேலையும் இவ்வளவு இருக்கும் என்று பலர் எதிர்பார்ப்பதில்லை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் அறிக்கை உண்டு. தேர்ச்சிபெற்ற பிறகும் பழக்கம் விட்டால் கை மறந்துவிடும், ஆகவே மறுதேர்வுகளும் ஓயாது. இது பிடிக்காதவர்களுக்கு இந்தத் துறை சரிப்படாது.

கடைசியாகத் தனியார் பள்ளிகள். கண்ணிவெடி அகற்றும் பணிகளுக்கான ஐநா சார்ந்த ஐமாஸ் (IMAS) என்ற அனைத்துலகத் தரநிலையின்படி இவை நிலை 1, 2, 3 என்று சான்று தருகின்றன. நிலை 1 என்றால் பழகிய குறிப்பிட்ட வகைப் பொருளைக் கண்டு, அந்த இடத்திலேயே அழிக்கலாம். நிலை 2இல் பாதுகாப்பானதை எடுத்துச்செல்லவும் ஒன்றாகக் குவித்து அழிக்கவும் முடியும். செயலிழக்கச் செய்யும் முறைகள் நிலை 3இல்தான் வருகின்றன; கைத்தயாரிப்புக் குண்டுக்குத் தனித் தகுதி வேண்டும். நிலை 1ஐ முடித்துவிட்டு வெடிகுண்டு நிபுணர் என்று அட்டை அடித்துக்கொள்வோரை நம்பாதீர்கள். ஆனால் பொறியாளர் பிரிவில் சேவை முடித்து, லாவோஸ், கம்போடியா போன்ற நாடுகளில் வெடிபொருள் அகற்றும் பணிக்குப் போக நினைப்பவருக்கு இது முறையான நுழைவாயில்.

பணம் கட்டுமுன் நான்கைக் கேளுங்கள். உண்மையான வெடிமருந்தோடு திடலில் எத்தனை நாள்? மருந்து நீக்கிய மாதிரிப் பொருள்கள் எத்தனை வகை? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? போன வகுப்பில் எத்தனை பேர் தோற்றார்கள்? கடைசிக் கேள்விக்கு ஒருவருமில்லை என்று பெருமையாகப் பதில் வந்தால் அந்தப் பள்ளியைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்காதவரை முன்பணம் கட்டவேண்டாம்.