ஃபோர்டு ஜிடி40 ஸ்லாட் கார் கிட்: கட்டி முடித்து மூன்று ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் நான் கட்டி முடித்த 1/32 அளவு ஃபோர்டு ஜிடி40 கார், இந்த மாதம் தன் நான்காவது ஜோடிப் பின்டயர்களுக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்தில் நான் வசிக்கும் ஊரின் சமுதாயக் கூடத்தில் நான்கு வரிசை கொண்ட மரத்தடம் ஒன்று உண்டு. வாரம் ஒரு மாலை அங்கேதான் இந்தக் கார் ஓடுகிறது. கட்டிய கையோடு எழுதியிருந்தால் வண்ணத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது எழுதும்போது, அந்த அழகில் எது நிலைத்தது, எது உடைந்தது, ஓட்டத்துக்கு எது உதவியது என்பதைச் சேர்த்தே சொல்ல முடிகிறது.

ஸ்லாட் கார் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தடத்தில் வெட்டப்பட்ட பள்ளத்துக்குள் காரின் முன்னடியில் உள்ள ‘கைடு’ என்னும் சிறு நாக்கு இறங்கி ஓடும். அந்த நாக்கின் இருபுறமும் உள்ள செப்புப் பின்னல்கள், பள்ளத்தின் இரு ஓரங்களிலும் பதித்த உலோகப் பட்டைகளை உரசி, 12 வோல்ட் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டுபோகும். கையில் இருக்கும் கண்ட்ரோலரால் வேகத்தை மட்டுமே கூட்டிக் குறைக்கலாம். எங்கள் கூடத்தில் பழைய பந்தயக் கார்களுக்கு, தடத்தோடு இழுத்துப் பிடிக்கும் காந்தம் வைக்க அனுமதி இல்லை என்பதால், வளைவில் காரைப் பிடித்து வைப்பவை டயரும் எடையும் மட்டுமே.

நான் தேர்ந்தெடுத்தது 1075 என்ற சேசிஸ் (அடிச்சட்ட) எண் கொண்ட கார். வெளிர்நீல உடலும் ஆரஞ்சுப் பட்டையுமாகக் கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் வண்ணத்தில், ஜான் வயர் நடத்திய அணிக்காக ஓடிய இதே கார் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. 1968-இல் பெட்ரோ ரோட்ரிகெஸும் லூசியன் பியாங்கியும் 9 என்ற எண்ணுடன் ஓட்டினார்கள். 1969-இல் ஜாக்கி இக்ஸும் ஜாக்கி ஆலிவரும் 6 என்ற எண்ணுடன் ஓட்டினார்கள். அந்த இரண்டாவது ஆண்டில், மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் வழக்கப்படி தங்கள் கார்களை நோக்கி ஓட, அந்தத் தொடக்கமுறை ஆபத்தானது என்பதைக் காட்ட இக்ஸ் மட்டும் நடந்தே போய் ஏறினார். 24 மணி நேரத்துக்குப் பிறகு, ஹான்ஸ் ஹெர்மனின் போர்ஷே 908-ஐ அவர் முந்தியது சுமார் 120 மீட்டரில். 1/32 அளவில் கணக்கிட்டால் அது நான்கு மீட்டர்கூட இல்லை. எங்கள் தடத்தின் நேர்ப்பகுதியில் அந்த இடைவெளியை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன்.

கிட்டில் ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைத்த செயற்கைப் பிசின்) வார்ப்பு உடல், மெல்லிய பிளாஸ்டிக்கில் வடித்த கண்ணாடிகள், ஓட்டுநர் அமரும் உள்தளம், வெள்ளை உலோகத்தில் புகைக்குழாய்களும் பக்கக் கண்ணாடிகளும், ஒரு டெக்கால் (ஒட்டுப்படத்) தாள் ஆகியவை வந்தன. சேசிஸ், மோட்டார், பல்சக்கரங்கள், சக்கரங்கள் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். மொத்தச் செலவு, அதே அளவில் ஆயத்தமாகக் கிடைக்கும் காரின் விலையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆனது.

ரெசின் உடலை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவியாக வேண்டும்; அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப்பசை இருந்தால் பிரைமர் என்னும் அடிப்பூச்சு பிடிக்காது. சற்றே கோணியிருந்த முன்மூக்கை வெந்நீரில் நனைத்து இளக்கி, கண்ணாடிப் பலகைமேல் அழுத்தி நேராக்கினேன். குண்டூசி முனை அளவுக் காற்றுத் துளைகள் கதவோரத்தில் வரிசையாக இருந்தன. பட்டி பார்த்து, ஈர உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்துப் பார்த்தால் புதிதாகச் சில தென்படும், மறுபடியும் பட்டி. இதிலேயே நான்கு மாலைகள் போயின. ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால், ஈரமாகத் தேய்ப்பதையும் முகக்கவசம் அணிவதையும் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கிட்டின் மேல் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. ஜிடி40-இல் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். கியர்த் தண்டும் அவருக்கு வலப்பக்கமே. கிட்டில் வந்த உள்தளத்திலோ ஸ்டீயரிங் இடப்பக்கம் வார்க்கப்பட்டிருந்தது. இத்தனை அக்கறையோடு உடலை வார்த்தவர்கள் இதைக் கவனிக்கத் தவறியது எனக்கு வலித்தது. அந்த உள்தளத்தை ஒதுக்கிவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் புதிதாக ஒன்றை மடித்துச் செய்து, ஓட்டுநரின் மார்பளவு உருவத்தை மட்டும் வலப்பக்கம் ஒட்டினேன். வேறு வழியின்றிச் செய்த அந்த மாற்றம் நன்மையாகவே முடிந்தது: 11 கிராம் இருந்த உள்தளம் 3 கிராமாகக் குறைந்தது. ஜிடி40 என்ற பெயரில் உள்ள 40, காரின் 40 அங்குல உயரத்தைக் குறிப்பது. நம் அளவில் அது 32 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு தாழ்ந்த காரில் மேற்பகுதியிலிருந்து 8 கிராம் குறைந்ததன் பலனை முதல் வளைவிலேயே உணர்ந்தேன்.

டெக்கால் தாளில் இருந்த ஆரஞ்சுப் பட்டைக்கு அடியில் வெள்ளைப் பூச்சு இல்லை. சோதனைத் துண்டில் ஒட்டியபோது நீலம் ஊடுருவித் தெரிந்து நிறம் மங்கியது. ஆகவே பட்டையை வண்ணத்திலேயே கொண்டுவந்தேன். வெள்ளைப் பிரைமரின் மேல் முதலில் ஆரஞ்சு. இரண்டு நாள் உலரவிட்டு, மாஸ்கிங் டேப்பால் பட்டையை மூடி, அதன் விளிம்பில் மறுபடியும் ஆரஞ்சையே மெல்லியதாக ஒரு பூச்சு. டேப்பின் கீழ் எது கசிந்தாலும் அது ஆரஞ்சாகவே கசியும். அடுத்து அடிக்கும் நீலம் உள்ளே நுழையாது. டேப்பை உரித்தபோது கோடு கத்தியால் கீறியதுபோல் வந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விளிம்பு அப்படியே இருக்கிறது.

பின் கண்ணாடியின் வழியே எஞ்சின் தெரிய வேண்டும் என்று விரும்பினேன். ஆனால், நிஜக் காரில் 4.9 லிட்டர் வி8 இருந்த இடத்தில் இங்கே மின்மோட்டார் இருக்கிறது. அதனால் மேலிருந்து கண்ணுக்குப் படுவதை மட்டும் செய்தேன்: நான்கு வெபர் கார்புரேட்டர்களின் எட்டுக் காற்றுக்குழல்கள். மெல்லிய அலுமினியக் குழாயை வெட்டி, வாயைக் குண்டூசித் தலையால் விரித்து, ஒரு பிளாஸ்டிக் தட்டில் பொருத்தினேன். எடை ஒரு கிராம்கூட இல்லை. மோதலில் எதுவும் தொடாத இடம் என்பதால் எட்டும் இன்றுவரை பத்திரமாக உள்ளன.

வெளியே நீட்டிக்கொண்டிருந்தவற்றின் கதை வேறு. உலோகப் புகைக்குழாய்கள் மூன்றாவது பந்தயத்திலேயே ஒடிந்து விழுந்தன. இப்போது இருப்பவை வெள்ளி வண்ணம் பூசிய ரப்பர்க் குழாய்கள். பின்னால் வருபவர் இடித்தால் வளைந்து மீள்கின்றன. பக்கக் கண்ணாடிகளையும் ரப்பரிலேயே செதுக்கி, உடைந்தால் காணாமல்தான் போகும் என்பதால் உலோக வார்ப்புகளைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஓட்டத்தில் பெரிய மாற்றம் தந்தது ஒரு திருகாணி. உடலைச் சேசிஸோடு இறுக்கி முடுக்கினால் தடத்தின் ஒவ்வோர் அதிர்வும் காரைத் துள்ள வைக்கும். திருகுகளை முழுதும் முடுக்கி, பின் அரைச் சுற்று தளர்த்தினால், உடல் சேசிஸின் மேல் மெல்ல ஆடும். காதருகே ஆட்டினால் கடகட என்று ஒலிக்கும். வளைவில் பின்பக்கம் திடீரென்று வழுக்கி வெளியேறிக்கொண்டிருந்த கார், அதன்பின் முன்னறிவிப்போடு சறுக்கத் தொடங்கியது. கைடுக்குப் பின்னால் 4 கிராம் ஈயம் வைத்த பிறகு பள்ளத்தைவிட்டு வெளியேறுவதும் குறைந்தது. இப்போது மொத்த எடை 84 கிராம்.

இரண்டாம் ஆண்டில் உடலின் உள்ளே திருகு இறங்கும் ரெசின் தூண் ஒன்று நெடுக விரிசல் விட்டது. அதைச் சீவியெடுத்து, பித்தளைக் குழாயைச் செருகி, எபாக்சியால் ஒட்டியிருக்கிறேன். முதலில் போட்ட ரப்பர் டயர்களும் ஓராண்டில் இறுகிப் பிடிமானம் இழந்தன. மரத்தடத்துக்கு யூரித்தேன் டயர்களே ஒத்துவந்தன. ஆனால், சக்கரத்தில் ஒட்டி, மோட்டாரை மெதுவாக ஓட்டியபடி உப்புத்தாளின் மேல் உருட்டி வட்டமாக்கினால்தான் அவை அதிராமல் ஓடும்.

முதன்முறை கட்டுபவருக்கு இந்தக் கிட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளைப் பிளாஸ்டிக் உடலோடு வரும் வண்ணமிடாத ஆயத்தக் கிட் ஒன்றில் கைபழகிய பின் இதற்கு வரலாம். உடலின் வடிவம், குறிப்பாகக் கதவு கூரைக்குள் வெட்டி ஏறும் அந்தக் கோடு, நான் பார்த்த வேறெந்த ஜிடி40 வார்ப்பிலும் இவ்வளவு சரியாக வந்ததில்லை. அதற்காகவே சென்ற மாதம் இதே கிட்டை இன்னொன்று வாங்கியிருக்கிறேன். பித்தளைத் தூண்களை முதலிலேயே பொருத்திவிட்டேன், உள்தளமும் மடித்தாயிற்று. இது 1968-இன் 9-ஆம் எண் கார்.