உகுயிசுதானியில் ஒரு பீர்க்கம்பந்தல்: ஷிகியின் வீட்டுக்கு 500 யென்

மூன்று மாத விசாவில் டோக்கியோவுக்கு மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கோயில், கோபுரம், கடைத்தெரு பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஜப்பானியக் கவிஞர் மசாவோகா ஷிகியின் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் ஷிகி-ஆன், இடம் நெகிஷி. நாங்கள் போனபோது கட்டணம் 500 யென். எல்லா நாளும் திறப்பதில்லை, மதியம் இடைவேளையும் உண்டு. நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உகுயிசுதானி ரயில் நிலையத்தில் இறங்கி, வடக்கு வாசல் வழியாக வந்தால் ஐந்து நிமிஷ நடை. அந்த ஐந்து நிமிஷமும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஓட்டல்களுக்கு நடுவேதான் நடக்க வேண்டும். மகன் சங்கடப்பட்டு வேகமாக நடந்தான். "மெதுவா போப்பா, முட்டி வலிக்குது. நான் எதையும் பார்க்கலை" என்றேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

மூன்று வரிக் கவிதைக்கு 'ஹைக்கு' என்ற பெயரை நிலைக்க வைத்தவர் ஷிகி. ஷிகி என்பது 1889-இல் இருமலில் ரத்தம் வந்ததும் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். குயில் சாதியில் ஒரு பறவையின் பெயராம். ரத்தம் கக்கும் வரை கூவும் என்று அதைப் பற்றி அங்கே ஒரு கதை உண்டு. காசநோய் முதுகெலும்புக்குப் போய்ப் படுக்கையில் தள்ளியது. 1894 முதல் இந்த வீட்டில் அம்மாவோடும் தங்கையோடும் இருந்து, 1902 செப்டம்பர் 19-ஆம் தேதி இங்கேயே இறந்தார். வயது 34. எனக்கு இப்போது 68, சரியாக இரண்டு மடங்கு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தக் கணக்கு மனசில் ஓடியது.

பழைய வீடு 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. இப்போது இருப்பது 1950-இல் அதே போலக் கட்டியது. அது தெரிந்தால் சிலருக்கு மனசு விட்டுப்போகும். எனக்கு அப்படி இல்லை. அளவு அதே அளவு. அவர் படுத்திருந்த அறை ஆறு பாய் விரிக்கும் அகலம், நம்மூர்ப் படுக்கையறையை விடச் சின்னது. பாளையங்கோட்டையில் என் அடுப்படி இதைவிடப் பெரிசு.

அந்த அறையில் ஒரு மேசை இருக்கிறது. உட்காரும் பக்கம் பலகையில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறார்கள். மடங்கிய கால் நீளவே மாட்டேன் என்றதால், முழங்காலை மடக்கியபடியே தூக்கி வைத்துக்கொள்ள அந்த இடைவெளி. எனக்கு முழங்கால் மடங்காது, அவருக்கு நீளாது. வெட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகன் அதற்குள் மூன்று விளக்கப் பலகைகளைப் படித்து முடித்துவிட்டான். ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் நல்லது.

இப்போது கண்ணாடிக் கதவுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் 500 யென் இதற்கே சரியாகப் போய்விட்டது. அந்தக் காலத்தில் வீடுகளில் காகிதக் கதவுதான், கண்ணாடி அபூர்வம். படுத்தபடியே தோட்டம் தெரியட்டும் என்று 1899 கடைசியில் சீடர் க்யோஷி கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அந்தக் கதவுக்கு வெளியே இருந்ததுதான் கடைசி மூன்று வருஷ உலகம். கோழிக்கொண்டைப் பூவைப் பற்றி 1900-இல் எழுதினார்: பதினாலு பதினைந்து இருக்கும் போலிருக்கிறது என்று. அவ்வளவுதான் கவிதை! இதெல்லாம் கவிதையா என்று அங்கே இன்றுவரை சண்டை நடக்கிறதாம். எழுந்து போய் எண்ண முடியாதவர் சொன்ன கணக்கு அது என்று இந்த இடத்தில் நின்றால் புரிகிறது.

பத்திரிகையில் 1902 மே முதல் 127 நாள் குறிப்பு எழுதினார். ஆறடிப் படுக்கைதான் என் உலகம், அதுவே எனக்குப் பெரிசு என்றுதான் ஆரம்பம். நடுவில் அவர் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டு ஒருநாள் போடாமல் விட்டார்கள். காலையில் அதைப் பார்த்துத்தான் உயிர் வருகிறது, நிறுத்தாதீர்கள் என்று கடிதம் போட்டார். ஞானம் என்பது கலங்காமல் சாவது என்று நினைத்திருந்தேன், கலங்காமல் வாழ்வதுதான் அது என்றும் எழுதினார். வலி தாங்காமல் கத்தியதையும் அவரே எழுதியிருக்கிறார். அதனால்தான் நம்ப முடிகிறது.

நாங்கள் போனது செப்டம்பரில். தோட்டத்துப் பந்தலில் பீர்க்கு தொங்கியது. நாம் கூட்டு வைக்கும் வரிப்பீர்க்கு இல்லை, தேய்த்துக் குளிக்கும் நுரைப்பீர்க்கு. கொடியை அறுத்து நீர் எடுத்துச் சளிக்கு மருந்தாகக் குடிப்பார்கள். பௌர்ணமி ராத்திரி எடுத்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை. சாவதற்கு முந்தின நாள் தங்கை பலகையைப் பிடித்துக்கொள்ள, படுத்தபடி மூன்று கவிதை எழுதினார். மூன்றும் பீர்க்குதான். பீர்க்கு பூத்திருக்கிறது, சளியடைத்து ஒரு புத்தன் கிடக்கிறான் என்பது ஒன்று. நாம் சிவலோகம் போய்விட்டார் என்பதைப் போல, செத்தவரைப் புத்தன் என்பது அங்கே வழக்கு. மரக்கால் கணக்கில் சளி, பீர்க்குநீருக்கும் நேரமில்லை என்பது இன்னொன்று. முந்தாநாள் எடுக்க வேண்டிய நீரையும் எடுக்கவில்லையே என்பது கடைசி. தன் சாவை ஒரு வீட்டுவேலை தவறிப்போன மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்தேன். அங்கிருந்த அம்மாள் ஏதோ சொல்லிச் சிரித்தார். முழங்காலைத் தட்டிக் காட்டினேன், அவரும் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் ஏழு மாதம் கிடந்தார். கட்டிலை மின்விசிறிக்கு நேராகப் போட்டிருந்தேன். காற்று நன்றாக வரும். ஜன்னல் தலைமாட்டுக்குப் பின்னால் போய்விட்டது. ஏழு மாதமும் அவருக்குத் தெரிந்தது எதிர்ச் சுவரும் நாட்காட்டியும். வாய் குழறி ஏதோ கேட்பார், நான் தண்ணீர் கொடுப்பேன். ஒருவேளை கட்டிலைத் திருப்பச் சொன்னாரோ என்று, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது.

முன்பெல்லாம் நானும் மூன்று வரி எழுதுவேன், சின்னப் பத்திரிகைகளில் சிலது வந்ததும் உண்டு. அவர் போனபின் பேனாவைத் தொடவில்லை. அன்றைக்கு நுழைவுச்சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:

எண்ணிப் பார்த்தேன்
பன்னிரண்டுதான்
கோழிக்கொண்டை

ரொம்பப் பெரிசாக ஒன்றும் இல்லை. மகனிடம் காட்டியதற்கு, "மீதி ரெண்டு எங்கேம்மா?" என்றான்.

போகிறவர்களுக்கு: அரைமணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம், ஆனால் ஒன்றரை மணி ஒதுக்குங்கள். செப்டம்பர் என்றால் பீர்க்கும் கோழிக்கொண்டையும் இருக்கும், கொசுவும் இருக்கும். கூட்டமாகப் போக வேண்டாம், வீடு தாங்காது.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு என் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். முருங்கைமரமும் தண்ணீர்த் தொட்டியும் தெரிகின்றன. மின்விசிறிக் காற்று இப்போது காலுக்குத்தான் வருகிறது.