சம்மனை ‘முடித்துத் தருகிறேன்’ என்று காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்

“கோர்ட்டுல நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு, ஐந்நூறு வெள்ளி (டாலர்) கொடு, முடிச்சிடலாம்.” சிங்கப்பூரில் உங்கள் தங்குவிடுதியிலோ தேக்காவிலோ (லிட்டில் இந்தியா) யாராவது இப்படிச் சொன்னால் ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். இந்தப் பேச்சை நம்பி ஊழியர் ஒருவருக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டு, உங்கள் அறையில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

அவர் சிகரெட் துண்டைக் கீழே போட்டு, தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம் பிடிபட்டார். முதல் முறை என்பதால் நோட்டீஸில் 300 வெள்ளி. ‘முடித்துத் தருகிறேன்’ என்ற தரகர் 500 வாங்கிக்கொண்டு, சில நாளில் வாட்ஸ்அப்பில் ஏஎக்ஸ்எஸ் (கட்டணம், அபராதம் கட்டும் இயந்திரம்) ரசீதின் படம் ஒன்றை அனுப்பினார். ரசீது போலி அல்ல. ஆனால் அதில் இருந்த நோட்டீஸ் எண் வேறு யாருடையதோ. தொகை நன்றாகத் தெரிந்தது, எண் இருந்த ஓரம் மட்டும் மங்கலாக இருந்தது. கெடு தாண்டியது. நீதிமன்ற சம்மன் அவர் முன்பு தங்கியிருந்த விடுதிக்குப் போனது. குறித்த நாளில் அவர் வரவில்லை என்று பிடியாணை பிறந்தது. ஊருக்குப் போகச் சாங்கி விமான நிலையத்துக்குச் சென்றபோது குடிநுழைவு முகப்பில் நிறுத்திவிட்டார்கள். 300 வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

தரகர்களுக்கு இது ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது? நோட்டீஸில் உள்ள தொகையும் நீதிமன்ற அபராதமும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். முதலில் வருவது சமரசத் தொகை. கெடுவுக்குள் கட்டிவிட்டால் விஷயம் அத்துடன் சரி, அது குற்றத் தீர்ப்பு ஆகாது. கட்டாவிட்டால்தான் நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே வரம்பே வேறு. குப்பை போட்டதற்கு முதல் தீர்ப்பிலேயே 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். தரகர் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார். நல்லவராக இருந்தால் 300 கட்டிவிட்டு 200 எடுத்துக்கொள்வார். மற்றவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். நோட்டீஸ் எண்ணை நீங்களே ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் போட்டுப் பாருங்கள். தொகை இன்னும் காட்டினால் பணம் போய்ச் சேரவில்லை.

சில போக்குவரத்துக் குற்றங்களுக்கு, சம்மன் வந்த பிறகும் நீதிமன்றத் தேதிக்கு முன்பே ஏஎக்ஸ்எஸ்-இல் அபராதம் கட்ட முடியும். ஆனால் அப்படிக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். உங்களைக் கேட்காமல் இன்னொருவர் உங்களுக்காக அதைச் செய்ய விடாதீர்கள். சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளில் நுழைய உதவும் கணக்கு) கடவுச்சொல்லை எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள்.

ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றத்தின் முகப்பில் இருக்கும் ஊழியர் அழைப்புக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் சரிபார்ப்பார், எந்த அறை என்று சொல்வார், பணம் கட்டும் இடத்தைக் காட்டுவார். அபராதத்தைக் குறைக்கவோ வழக்கை எடுத்துவிடவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. சட்ட ஆலோசனைகூடச் சொல்ல மாட்டார். வழக்கைக் கைவிடுவதோ சமரசத் தொகைக்கு மறுபடி வாய்ப்புத் தருவதோ வழக்குத் தொடுத்த துறையின் கையில் இருக்கிறது. அதற்கான முறையீட்டுக் கடிதத்தை நீங்களே அந்தத் துறைக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. நோட்டீஸ் எண், நடந்தது என்ன, என்ன கேட்கிறீர்கள், ஆதாரத்தின் நகல், இவ்வளவு போதும். இதை எழுதத்தான் தரகர் நூற்றுக்கணக்கில் வாங்குகிறார். வழக்கறிஞர் அல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு வழக்கறிஞர் வேலை பார்ப்பது இங்கே குற்றம்.

நீதிமன்ற அறைக்குள் பயப்பட ஒன்றும் இல்லை. பெயரைக் கூப்பிடுவார்கள், குற்றச்சாட்டை வாசிப்பார்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். குற்றவியல் வழக்கில் அதற்குக் காசு கிடையாது. புரியாமல் தலையாட்டாதீர்கள். ஒப்புக்கொள்ளலாம், விசாரணை கோரலாம், ஆலோசனை பெற அவகாசமும் கேட்கலாம். ஒப்புக்கொண்டால் சம்பவ விவரத்தை வாசித்த பிறகு உங்கள் நிலைமையைச் சொல்ல நேரம் தருவார்கள். சம்பளம், ஊரில் உங்களை நம்பி இருப்பவர்கள், முதல் தவறு என்பதெல்லாம் அப்போது சொல்ல வேண்டியவை. மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். கேட்காமல் வந்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் அபராதத்துக்குப் பதில் சிறை.

தரகர்கள் சொல்லும் இன்னொரு ஆபத்தான யோசனை: “போகாதே, எம்சி எடுத்து அனுப்பு.” கிளினிக்கில் வாங்கும் எம்சியை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழை, கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீதிமன்றத்துக்கு வராமல் இருக்க இது செல்லாது என்ற வரி பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். வேலைக்கு விடுப்பு வாங்கத்தான் அது உதவும். நீதிமன்றத்துக்கு வர உடல்நிலை இடம் தராது என்று மருத்துவர் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்ட சான்றிதழ்தான் எடுபடும்.

வாகனம் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று. போக்குவரத்து விதியை மீறினால் ஓட்டியவர் பெயரில் ஏறும் குற்றப் புள்ளிகளை “வேறொருவர் பெயரில் ஏற்றிவிடலாம்” என்று காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டியவர் யார் என்று தெரிந்தே பொய் விவரம் கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வேக வரம்பை மீறியவர் இப்படித்தான் சிறை வாசல் வரை போகிறார். பெயரைக் கொடுத்தவரும் தப்ப மாட்டார்.

‘அபராதம் பாக்கி, இந்த இணைப்பில் கட்டு’ என்று குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். போலிஸ் என்றோ நீதிமன்றம் என்றோ சொல்லித் தொலைபேசியிலேயே பணம் அனுப்பச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். அரசாங்க அதிகாரிகள் அப்படிக் கேட்பதில்லை. சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு (மோசடித் தடுப்பு) உதவி எண் 1799-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

ஏற்கெனவே தரகரிடம் பணம் கொடுத்துவிட்டீர்களா? அவர் அனுப்பிய செய்திகளையும் பேநவ் (கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம்) பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள். நோட்டீஸ் கொடுத்த துறையை நேரடியாக அழைத்து, எண்ணைச் சொல்லி நிலவரம் கேளுங்கள், முகவரி மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பிடியாணை இருப்பதாகத் தெரிந்தால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் அடையாள அட்டையுடன் நீங்களே போய் ஆஜராகுங்கள். ஏமாற்றப்பட்டதைப் போலிஸில் புகார் செய்து, அந்தப் புகார் நகலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்கும்போது காட்ட உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.