ஜூன் மாதப் பூக்கள் என்று சொல்லி 340 பவுண்டைச் சுருட்டிவிட்டார்கள்

பழைய அச்சுப் படங்கள் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

லண்டன் கென்சிங்டனில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ராபர்ட் ஃபர்பர் 1730-இல் மாதத்துக்கு ஒன்றாக 12 பூச்சாடிப் படங்கள் வெளியிட்டார் இல்லையா, பீட்டர் காஸ்டீல்ஸ் வரைந்து ஹென்றி ஃப்ளெட்சர் செம்புத்தகட்டில் செதுக்கியவை, அதில் ஜூன் மாதத் தாளை இரண்டு வருடமாகத் தேடினேன். மகள் பிறந்த மாதம். பழம்பொருள் விற்கும் ஒரு இணையதளத்தில் கிடைத்தது. 340 பவுண்டு.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அசல்தானா என்று கேட்டேன். விற்றவர் உடனே ஃபிரேமின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பழுப்பேறிய அட்டை, துருப்பிடித்த ஆணி. பாட்டி வீட்டுச் சாப்பாட்டு அறையில் தொங்கியதாம், பிரித்தால் தாள் கிழிந்துவிடும், அப்படியே மாட்டிக்கொள்ளுங்கள் என்று அக்கறையாக வேறு எழுதினார். அந்த அக்கறையில்தான் விழுந்தேன். ஆணி பழசென்றால் படமும் பழசு என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

கண்ணாடிக்குள் ஈரம் கோத்ததால் போன வாரம் ஃபிரேம் போடுகிறவரிடம் கொண்டுபோனேன். பிரித்தார், பூதக்கண்ணாடியை வைத்தார், பேசாமல் என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்தில் ஒரு எண், கீழே அந்த எண்ணுக்குரிய பெயர், இந்தப் படங்களின் அழகே அதுதான். அந்த எண்கள்கூட வண்ணப்புள்ளிகளாக உதிர்ந்து கிடக்கின்றன. செம்புத்தகட்டு வேலை என்றால் கோடுகள் அல்லவா தெரிய வேண்டும்? ஓரத்தில் தகடு அழுத்திய பள்ளமும் இல்லை. இந்தக் காலத்து இயந்திர அச்சு, வெறும் காலண்டர் தாள். ஃபர்பர் அன்றைக்கு வண்ணம் தீட்டிய 12 தாளையும் சேர்த்தே 2 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸுக்குக் கொடுத்தார், நான் ஒரு காலண்டர் தாளுக்கு 340 பவுண்டு கொடுத்திருக்கிறேன்.

விற்றவர் "பாட்டி அப்படித்தான் சொன்னார்" என்றார், அதோடு சரி. இணையதளத்துக்கு எழுதினால், விவரத்தின் அடியில் 'ஃபர்பரைத் தழுவியது' என்று இருக்கிறதாம். இருக்கிறது, எறும்பு அளவில். தலைப்பில் மட்டும் 'ஃபர்பர், 1730' என்று கொட்டை எழுத்து. மறுபடி எழுதினேன், திருப்பித் தரும் கெடு 14 நாளாம், முடிந்துவிட்டதாம். மூன்றாவது தடவை முதல் பதிலையே திரும்ப அனுப்பினார்கள், வேறு யாரோ பெயரைப் போட்டு.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ஃபிரேமிலிருந்து கழற்றிய படம் கேளுங்கள். புள்ளி தெரிந்தால் விட்டுவிடுங்கள். விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். பாட்டி கதை வந்தால் ஓடிவிடுங்கள்.

அதே ஆள் இன்று காலை அக்டோபரைப் போட்டிருக்கிறார். அதே துருப்பிடித்த ஆணி.